கேட் முன்னால் இரண்டு ஹாரன்

காலை ஏழு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது கேட்டில் கம்பியால் கட்டியிருந்த 'டு லெட்' அட்டை. அட்டை புதிது. கம்பியில் இன்னும் துரு ஏறவில்லை. அதற்குப் பின்னால், சிமெண்டு பூசிய வாசலில், தெளித்த தண்ணீர் காயாமல் இருந்தது. புரோக்கர் ஸ்கூட்டரை கேட்டை ஒட்டி நிறுத்தினார். எஞ்சினை அணைக்கும் முன் ஹாரனை இரண்டு தடவை அடித்தார். மாடி ஜன்னலில் திரை ஒரு கை அகலம் விலகி மறுபடி மூடிக்கொண்டது.

சற்று நேரத்தில் கிரில் கதவுக்கு உள்ளேயிருந்து ஓர் அம்மாளின் குரல் வந்தது. "வூடு நேத்தே பேசி முடிஞ்சிடுச்சுப்பா. அட்டைய அவுக்கத்தான் ஆளு இல்ல."

புரோக்கர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இன்னா பண்றது அண்ணாத்த. நம்ம நேரம் அப்படி கீது."

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையில் இரண்டு செல்போன், நெற்றியில் எப்போதும் அழியாத குங்குமம். செங்கல்பட்டில் அரசு மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் எந்த வீடு எப்போது காலியாகும் என்று வீட்டுக்காரருக்கே தெரியும் முன் அவருக்குத் தெரியும் என்பார்கள். வீடு படிந்தால் எங்களிடம் ஒரு மாத வாடகை, வீட்டுக்காரரிடம் அரை மாத வாடகை. முதல் நாளே கையில் அடித்துச் சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னார்: "நீ என் பார்ட்டி. வேற புரோக்கர் கிட்ட போவக் கூடாது. ஓனர் கிட்ட நேரா பேசக் கூடாது. உனக்கு வூடு எடுத்துத் தர்றது என் பொறுப்பு." நானும் ஒத்துக்கொண்டேன். அந்த வார்த்தையை அவர் எப்படிக் காப்பாற்றினார் என்பதைத்தான் எழுதுகிறேன். அவரை நான் மன்னிக்கவில்லை. இதை எழுதுவதும் மன்னிக்கும் முயற்சி அல்ல.

நான் அப்போது ஒரு நாளிதழுக்கு மாமல்லபுரம் பகுதிச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். நெம்மேலிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். என் மனைவி செவிலியர். அவளுக்குச் செங்கல்பட்டு மருத்துவமனைக்கு மாற்றல் வந்தபோது ஐந்தாம் மாதம். மாமல்லபுரம் வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ். காலை டியூட்டி என்றால் இருட்டில் கிளம்ப வேண்டும். உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். ஒரு நாள் கால் வீங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். அவளைப் பரிசோதித்த டாக்டர், பஸ் பயணத்தை நிறுத்து, இல்லையென்றால் வேலையை நிறுத்து என்று சொல்லிவிட்டார். வேலையை விட முடியாது. அதனால் வயிறு இன்னும் பெரிதாவதற்குள் மருத்துவமனைக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு வேண்டும். எங்களுக்கு வேறு கோரிக்கை எதுவும் இல்லை.

புரோக்கர் முதல் சந்திப்பிலேயே ஊரைக் கேட்டிருந்தார். சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்? தெருவா, காலனியா?" என்றார். காலனி என்றேன். "அதுக்கென்னா, எல்லாம் மனுசாள்தானே" என்றார். நான் கேட்காமலே வந்த பதில் அது.

அந்தக் காலைக்குப் பிறகு அதே போல வரிசையாக வீடுகள் போயின. ஒரு வீட்டுக்கு மகள் சிறுசேரி வேலையை விட்டுத் திரும்பி வருகிறாள். இன்னொரு வீட்டில் பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள், ஆறு மாதம் ஆகும். வேறொரு வீட்டில் ஜோசியர் இந்த ஆண்டு வாடகைக்கு விட வேண்டாம் என்றிருக்கிறார். ஒவ்வொரு முறையும் புரோக்கர் என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார். வருத்தத்தின் முடிவில் ஒரே வீட்டைப் பற்றிப் பேசினார். ரயில் பாதைக்கு அந்தப் புறம், தெருவைவிடத் தாழ்ந்த தரைத்தளம். மழை பெய்தால் சாக்கடை சமையலறைக்குள் வரும். சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறை இருந்ததை நானே பார்த்தேன். வாடகையோ மற்ற வீடுகளைவிட அதிகம்.

"அங்க ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க அண்ணாத்த," என்றார்.

"மத்த வீட்லயும் யாரும் என்னை ஒண்ணும் கேக்கலையே" என்றேன். அவர் செல்போனை எடுத்துப் பார்த்தார். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

ஒரு சாயங்காலம் மனைவியின் டியூட்டி முடிவதற்காக, மருத்துவமனைக்குப் பின் தெருவில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையில் பச்சை கேட் போட்ட வீடு. புரோக்கரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னாலேயே ஒரு காரில் கணவன், மனைவி. கணவரின் கழுத்தில் வங்கி அடையாள அட்டை தொங்கியது. புரோக்கர் ஒரே ஒரு ஹாரன் அடித்தார். வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்து கேட்டைத் திறந்தார். அவர்கள் பார்த்துவிட்டு, சமையலறை சின்னது என்று பேசிக்கொண்டே போனார்கள்.

மறுநாள் காலை புரோக்கர் என்னை அழைத்துப் போனது அதே பச்சை கேட்டுக்கு. கேட் முன்னால் இரண்டு ஹாரன். வீட்டுக்காரர் பால்கனியில் இருந்தே கையை ஆட்டினார். கொடுத்தாயிற்றாம்.

ஒருவர் சொன்னதை மட்டும் வைத்துச் செய்தி போடக் கூடாது என்று எனக்குப் பழக்கியிருந்தார்கள். அன்று மதியம், அந்தப் பச்சை கேட்டில் தொங்கிய 'டு லெட்' அட்டையில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். ஒரு பெண் எடுத்தார். "வூடு காலியாத்தான் கீது. ஆனா சும்மா வராதீங்க, புரோக்கர் கூட வாங்க. அவரு வந்தாத்தான் எங்களுக்கு ஆளு தெரியும்" என்றார். அதற்கு அடுத்த இரண்டு வீடுகளிலும் வேறு எதையும் கவனிக்காமல் ஹாரனை மட்டும் எண்ணினேன். இரண்டு. இரண்டு.

எனக்கு வீடு எடுத்துத் தருவதாகச் சொன்னவர், ஒவ்வொரு வாசலிலும் நான் யார் என்று என் கண் முன்னாலேயே அறிவித்துக்கொண்டிருந்தார். எல்லா வீடும் மூடினால் கடைசியில் சாக்கடை வீட்டுக்குப் போவேன். அதற்கும் எங்கள் ஒரு மாத வாடகை அவருக்கு.

மனைவியிடம் சொன்னேன். அவள் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஹாரன் அடிக்கிறதுக்கா ஒரு மாச வாடகை? கோயில்ல மணி அடிக்கிறவருக்குக் கூட அவ்ளோ குடுக்க மாட்டாங்க," என்றாள். பிறகு, "நீ இன்னா பண்ணப் போற? பேப்பர்ல போடப் போறியா?" என்றாள்.

"பேப்பர்ல போட்டா அவரு நாளையிலேர்ந்து விசில் அடிப்பாரு."

"எனக்கு மொதல்ல வூடு வேணும்யா. சண்டைய அப்புறம் வெச்சுக்கோ."

"ரெண்டும் ஒரே நாள்ல முடியும்," என்றேன்.

அடுத்த வாரம் புரோக்கர் கூப்பிட்டார். மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளி, மாடி வீடு, நல்ல காற்று, நல்ல தண்ணீர். கீழே வீட்டுக்காரர், அரசு வேலையில் ஓய்வு பெற்றவர். "என் வண்டியிலேயே போயிடலாம்ணே, பெட்ரோல் என்னுது" என்றேன். பெட்ரோல் அடுத்தவருடையது என்றால் எந்தப் புரோக்கரும் யோசிக்க மாட்டார். பின்னால் ஏறி உட்கார்ந்தார். மனைவி டியூட்டி முடிந்து அந்தத் தெரு முனைக்கு நடந்து வந்து நின்றிருந்தாள்.

கேட் நெருங்கியதும் புரோக்கர் என் தோளைத் தட்டினார். "ஹாரன் அடி அண்ணாத்த. ரெண்டு தபா."

அவர் குரலில் ஒரு தயக்கமும் இல்லை. என் வீட்டை மூடும் சத்தத்தை என்னையே எழுப்பச் சொன்னார். வழி சொல்வது போலத்தான் சொன்னார்.

நான் ஒரு தடவை அடித்தேன். நன்றாக, நீளமாக. உடனே சாவியைத் திருப்பி வண்டியை அணைத்துவிட்டேன்.

"ரெண்டு... ரெண்டு தபா சொன்னனே," என்றார் காதருகில்.

"ஒண்ணு போதும்ணே, கேட்டிருக்கும்."

கேட்டிருந்தது. வீட்டுக்காரர் கதவை அகலத் திறந்துகொண்டு வெளியே வந்தார். "வாங்க, வாங்க. செருப்ப அங்கேயே வுடுங்க. இவங்கதானா? அம்மா வரலியா?" தெரு முனையிலிருந்து மனைவி வந்தாள். அவள் வயிற்றைப் பார்த்து வீட்டுக்காரரின் மனைவி உள்ளேயிருந்து வந்துவிட்டார். "மாசம் எத்தினி? படி மெதுவா ஏறு, கம்பியப் புடிச்சிக்கோ." மாடியைச் சுற்றிப் பார்த்தோம். இரண்டு அறை. ஒரு ஜன்னல் வழியாகக் கொளவாய் ஏரியின் ஒரு துண்டு தெரிந்தது. கீழே இறங்கியதும் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது.

நான் காபியைவிட புரோக்கரை அதிகம் பார்த்தேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கழுத்து வியர்த்திருந்தது. அவர் நிலைமை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வீட்டுக்காரரை எச்சரிக்க வேண்டும் என்றால் என் எதிரில் இரண்டு ஹாரனுக்கு அர்த்தம் சொல்ல வேண்டும். என்னைத் தடுக்க வேண்டும் என்றால் வீட்டுக்காரர் எதிரில் காரணம் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் கூலி வாங்குகிறவருக்கு இரண்டு பக்கமும் வாய் கட்டியிருந்தது.

"சார், இவங்களுக்கு இன்னும் ரெண்டு வூடு காட்டலாம்னு..." என்று ஆரம்பித்தார்.

"ஏன்யா, நம்ம வூட்டுக்கு இன்னா கொறைச்ச?" என்றார் வீட்டுக்காரர், கோபமாக.

"எங்களுக்கு இந்த வீடே பிடிச்சிருக்கு" என்றாள் மனைவி. காபி டம்ளரை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அங்கேயே முன்பணம் கொடுத்தேன். கையோடு எடுத்துப் போயிருந்த முத்திரைத்தாளில் அப்போதே பதினோரு மாத ஒப்பந்தம் எழுதினோம். சாட்சிக் கையெழுத்துக்கு வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடப் போனார். "எதுக்கு சார், நம்ம அண்ணன் இருக்காரே. அவர்தானே நம்மளைச் சேத்து வெச்சவர்" என்றேன். புரோக்கர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போனது. அவருக்கான தொகையையும் வீட்டுக்காரர் எதிரில், வீட்டுக்காரரின் கூடத்தில் வைத்தே கொடுத்தேன். வாங்காமல் இருக்க அவருக்கு வழி இல்லை.

வெளியே வந்து வண்டி அருகில் சொன்னார்: "வேணாம் அண்ணாத்த. சொன்னா கேளு. பேஜாராயிடும்."

"ஏன் வேணாம்?"

அவர் என் வண்டியின் பின் சீட்டைப் பார்த்தார்.

"காரணம் சொல்லுங்க. இப்பவே போய் அட்வான்ஸை வாங்கிட்டு வந்துடறேன்."

அவர் சொல்லவில்லை. நான் அவரைத் திரும்பக் கொண்டுபோய் விடவும் இல்லை. நடந்து போனார்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. என் பக்கத்திலிருந்தும் மனைவி பக்கத்திலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள். வந்தவர்களில் என் சித்தப்பா ஒருவர், வீட்டுக்காரரின் சொந்த ஊரில் அவர் குடும்பத்து வயலிலேயே நாற்று நட்டவர். வீட்டுக்காரர் அவரை வாசலில் பார்த்தார். சித்தப்பா கும்பிட்டார். "நீ எங்கடா இங்க?" என்றார் வீட்டுக்காரர். "அண்ணன் பையன் வூட்டு விசேஷங்க" என்றார் சித்தப்பா. அன்று எங்கள் வீட்டிலிருந்து கீழே கொடுத்தனுப்பிய சாப்பாடு, தட்டு மூடியபடியே கிரில் கதவுக்கு வெளியே இருந்தது.

மறுநாள் காலை புரோக்கரை வரவழைத்தார்கள். நான் மாடிப்படித் திருப்பத்தில் நின்று கேட்டேன். ஒளிந்து நிற்கவில்லை. யாராவது அண்ணாந்து பார்த்திருந்தால் தெரிந்திருப்பேன்.

"நீ யாருக்குய்யா ஆளு? எனக்கா, அவனுக்கா?"

"சார், உங்க ஆளுதான் சார். நான் ரெண்டு தபாதான் அடிக்கச் சொன்னேன். அவன்தான் ஒண்ணோட நிறுத்திட்டான்."

"வண்டி ஓட்டினது யாரு?"

"அவன்தான்."

"அவன் கையிலயே ஹாரனக் குடுத்தியா? உனக்கெல்லாம் எவன்யா புரோக்கர்னு பேர் வெச்சது?"

நான் செய்திக்காக எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். இந்த உரையாடலைப் போல ஒரு வார்த்தையும் விடாமல் மனதில் நின்றது வேறில்லை.

பிறகு புரோக்கர் மேலே வந்தார். "சாரோட பையன் ஃபாரின்லேர்ந்து வர்றாராம். மாடி வேணுமாம்."

"சார் கீழேதானே இருக்காரு? அவரையே வந்து சொல்லச் சொல்லுங்க."

இறங்கினார். மறுபடி ஏறினார். "சாருக்கு முட்டி வலியாம். என்னையே சொல்லச் சொன்னாரு."

"நான் இறங்கி வர்றேன்னு சொல்லுங்க."

இறங்கினார். ஏறினார். இந்த முறை மூச்சு வாங்கியது. "வேணாமாம். ஒண்ணும் அவசரம் இல்லியாம்."

"அப்போ எழுதித் தரச் சொல்லுங்க. காரணத்தோட. நானும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன்."

அவர் படியில் நின்றபடி என்னைப் பார்த்தார். கீழேயும் போக முடியாமல், மேலேயும் வர முடியாமல் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மனைவி உள்ளேயிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். குடிக்காமல் போய்விட்டார்.

அதோடு நான் நிறுத்தவில்லை. மனைவியின் டியூட்டி அறையில் வீடு தேடுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். ஒப்பந்தச் செவிலியர்கள், லேப் ஆட்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள். எங்களைப் போல ஊர், தெரு என்று விசாரிக்கப்பட்டவர்கள் அவர்களில் பாதிக்கு மேல். எல்லோருக்கும் ஹாரன் கணக்கைச் சொன்னோம். மனைவி தன் வாட்ஸப் குழுவில் குரல் பதிவாகவே போட்டாள்: "புரோக்கரை நம்ம வண்டியில ஏத்திக்கோங்கடி. கேட்டாண்ட ஒரே ஒரு தபா. அமுக்கிட்டு கைய எடுத்துருங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவர்கள் அப்படியே செய்தார்கள். புரோக்கர் தன் வண்டியில்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தால், பின்னால் வருகிறவர்கள் கடைசித் திருப்பத்தில் முந்திப் போய் கேட் முன்னால் ஒரு ஹாரன் அடித்துவிட்டு நின்றார்கள். அவர் மூச்சிரைக்க வந்து சேர்வதற்குள் கதவு திறந்திருக்கும். அவர் கணக்கை மூன்றாக மாற்றினார். அதுவும் ஒரு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு எத்தனை அடித்தாலும் வீட்டுக்காரர்களுக்குக் குழப்பம்தான். ஒரு தெருவில் ஒரு வீட்டுக்காரர், வங்கி மேலாளரையே திருப்பி அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டு அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அவரை வீட்டுக்காரர்கள் கூப்பிடுவது குறைந்தது. எட்டாம் மாதம் முடியும்போது, மருத்துவமனை வாசலில் இருக்கும் டீக்கடையில் என்னைத் தேடி வந்தார். குங்குமம் இருந்தது. செல்போன் ஒன்றுதான் இருந்தது.

"பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே அண்ணாத்த."

நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"நான் உன்ன மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்த சொன்னனா? ஒரு வூட்டுக்காரனயாவது உன்ன அசிங்கமா பேச வுட்டனா? அதுக்குத்தான அந்த ஹாரனே. போன்ல சொல்லலாம்னா நீ பேப்பர்காரன், இப்பல்லாம் ரெக்கார்டு ஆவுது. நான் அடிக்கலன்னா வேற ஒருத்தன் அடிப்பான். நானாவது மரியாதையா அடிச்சேன்."

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே எங்களுக்கு ஓர் உபகாரம் செய்ததாகத்தான் நம்பியிருந்தார். எனக்கு இரக்கம் வர வேண்டிய இடம் அதுதான். அங்கேதான் என் கோபம் இன்னும் கெட்டியானது.

"சொல்லி நிறுத்து, நைனா. நீ சொன்னா அந்தப் பொண்ணுங்க கேப்பாங்க."

"நிறுத்தறேன்," என்றேன். "அந்தப் பச்சை கேட் வீட்டுக்கு நாம ரெண்டு பேரும் போவோம். ரெண்டு ஹாரன்னா இன்னா அர்த்தம்னு அந்த ஓனர் முன்னாடி என்கிட்ட சொல்லுங்க. ஒரே ஒரு வீடு போதும்."

அவர் தனக்கு வந்த டீ கிளாஸை நகர்த்தி வைத்தார். "அது எப்படிப்பா சொல்ல முடியும்?" என்றார்.

"அப்போ எப்படி நிறுத்த முடியும்?"

என் டீக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு எழுந்தேன். அவர் முன்னால் ஒரு கிளாஸ் இருந்தது. பிறகு அந்தத் தெருக்களில் அவரை நான் பார்க்கவில்லை. வேடந்தாங்கல் பக்கம் மனை காட்டுவதாகச் சிலர் சொன்னார்கள். நான் விசாரிக்கவில்லை.

மனைவிக்கு வலி எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். ஆட்டோ கூப்பிடவில்லை. பையை நான் எடுத்துக்கொண்டேன். அந்த மாடிப்படி இறங்கி, பிரசவ வார்டு வரை அவள் நடந்தே போனாள்.